புள்ளி உதிராமல் வெட்டுவது: வீட்டுக் காகித வெட்டு இயந்திரமும் அதற்கான மென்பொருளும்

மொரீஷியஸின் க்யூர்பீப் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தை ஓராண்டாகக் காகித வெட்டு இயந்திரம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது இயந்திரத்தைப் பற்றித்தான் நிறைய விசாரித்தேன். மென்பொருளைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இன்று ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், அந்த விசாரணையைத் தலைகீழாக நடத்தச் சொல்வேன்.

இயந்திரத்தில் பெரிய சூட்சுமம் ஏதும் இல்லை. அச்சு இயந்திரம் மை தெளிக்கும் இடத்தில் இது ஒரு சிறு கத்தியை ஓட்டுகிறது. 12 அங்குலச் சதுரமான, பசை பூசிய 'மேட்' என்ற விரிப்பின்மேல் அட்டையை ஒட்டி உள்ளே செலுத்தினால், கணினி காட்டும் கோட்டின் வழியே கத்தி செல்கிறது. கத்தியின் ஆழம், அழுத்தம், வேகம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தாளுக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பதால், ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்த்த பிறகே பெரிய வேலையைத் தொடங்குகிறேன். எங்கள் ஊரின் ஓயாத ஈரத்தை மட்டும் எந்தக் கையேடும் சொல்லவில்லை: திறந்து வைத்த அட்டை இரண்டே நாளில் ஈரம் குடித்து நமத்துப்போக, கத்தி அதை வெட்டாமல் நாராக இழுக்கிறது. இப்போது அட்டைகள் எல்லாம் பழைய பிஸ்கட் டின்னுக்குள், புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இருக்கின்றன. வெட்டி முடித்ததும் அட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மேட்டைக் கவிழ்த்து, மேட்டைத்தான் வளைக்க வேண்டும். இல்லையேல் அட்டை சுருண்டுவிடும்.

என் தொல்லை மென்பொருளில் தொடங்கியது. தைப்பூசக் காவடியின் முகப்பில் வைப்பதற்காக 'வெற்றிவேல்' என்று வெட்ட விரும்பினேன். இயந்திரத்துடன் வந்த மென்பொருளில் தட்டெழுதியபோது, ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல், ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு பின்னால் போய் நின்றது. யூனிகோடு முறையில் கொம்பை மெய்க்குப் பிறகே பதிக்கிறோம். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. பிரெஞ்சு எழுத்துகளின் தலைக்குறிகளைப் பிழையின்றிக் காட்டிய அந்த மென்பொருள் இந்த வேலையைச் செய்யவில்லை. நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுமாறு இரண்டு முறையும் பதில் வந்தது.

இந்தத் துறையில் பெயர் பெற்ற இரண்டு நிறுவனங்களைப் பற்றியும் வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. நான் வாங்கியது அவ்விரண்டும் அல்லாத, விலை குறைந்த ஒன்று. சில்லவுட் இயந்திரங்களுக்கான சில்லவுட் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பில், நாம் வேறு இடத்தில் வரைந்த எஸ்.வி.ஜி. கோப்பை, அதாவது படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் கோப்பை, திறக்க முடியாது. அதற்குப் பணம் கட்டி உயர்பதிப்புக்கு மாற வேண்டும். க்ரிகட் நிறுவனத்தின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸ் அதே கோப்பை இலவசமாக ஏற்கும், ஆனால் கணக்குத் தொடங்காமல் உள்ளே நுழைய முடியாது. சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 கோப்புகளை மட்டுமே ஏற்றலாம் என்று 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்து, வாடிக்கையாளர்களின் எதிர்ப்பைக் கண்டு அத்திட்டத்தைக் கைவிட்டது. நம் காசில் வாங்கி நம் மேசையில் வைத்திருக்கும் பொருளின் கடிவாளம் வேறொருவர் கையில் இருக்கிறது என்பதை அந்தச் செய்தியில்தான் நான் முதன்முதலாக உணர்ந்தேன்.

ஆகவே வரைவதை முழுவதுமாக இங்க்ஸ்கேப்புக்கு மாற்றினேன். 2003 முதல் இருந்துவரும் இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு எஸ்.வி.ஜி.தான் தாய்மொழி, தமிழையும் ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது. உதவிப் பட்டியலுக்குள்ளேயே பாடங்கள் இருக்கின்றன. முதல் இரண்டையும் கை வைத்துச் செய்து பார்த்தால் பாதி அச்சம் போய்விடும். ஆனால் எனக்கு உறைக்க மூன்று வாரங்கள் ஆன ஒன்று உண்டு: இயந்திரத்துக்கு நிறம் தெரியாது, தடிமன் தெரியாது, கோடு மட்டுமே தெரியும். திரையில் மூன்று மில்லிமீட்டர் தடித்த கோடாக நாம் வரைந்தது, கத்திக்கு அதன் நடுவே செல்லும் ஒரே ஒரு கீறல்தான். அந்தத் தடிமனும் வெட்டுப்பட வேண்டுமானால் 'ஸ்ட்ரோக் டு பாத்' என்ற கட்டளையால் கோட்டை வடிவமாக்க வேண்டும். எழுத்துகளானால் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்களை 'யூனியன்' கட்டளையால் ஒன்றாக்காவிட்டால், ஏறிய இடத்திலும் கத்தி ஓடி எழுத்தைத் துண்டாக்கும். அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்தை 96 திரைப்புள்ளிகளாகக் கணக்கிடுகிறது. என் இயந்திரத்தின் மென்பொருளோ 72 என்று எடுத்துக்கொண்டதால், 9 செ.மீ. உயரம் 12 செ.மீ. ஆகிவிட்டது. இரண்டு தங்கநிற அட்டைகள் பாழான பிறகே கணக்குப் புரிந்தது.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். ஆங்கிலத்தில் ஒரு பெயரைக் கூட்டெழுத்தாக எழுதி ஒரே துண்டாக வெட்டிவிடலாம். 'வேல்' என்ற சிறிய சொல்லோ நான்கு துண்டுகளாக விழுகிறது: இரட்டைக்கொம்பு, வகரம், லகரம், அதன் தலைமேல் இருக்கும் புள்ளி. 'வருடப் பிறப்பு நல்வாழ்த்துகள்' என்று வெட்டினால் புள்ளிகள் மட்டுமே ஆறு. ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று பல இடங்களில் புள்ளியை விட்டுவிட்டதாகப் படித்தபோது எனக்கு அது வெறும் செய்தி. மேசைக்கடியில் தவழ்ந்து மிளகளவு அட்டைப் புள்ளிகளைத் தேடிய இரவில் அவர்கள்மேல் பெரும் மரியாதை பிறந்தது. இப்போது எழுத்துகளின் அடியில் ஒரு பட்டையை ஓடவிட்டு அவற்றை இணைக்கிறேன். புள்ளியை எழுத்தோடு மெல்லிய பாலத்தால் சேர்த்து, பிறகு 'யூனியன்' கொடுக்கிறேன். கோலமாவு தூவுவதற்கான அச்சுத் தாள் என்றால் கதை மாறும்: அங்கே புள்ளி வெறும் ஓட்டை, தொல்லையே இல்லை; ஆனால் க, த, வ, ண ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு உதிர்ந்துவிடும் என்பதால் பாலம் அங்கே தேவைப்படும். எழுத்துருவைப் பொறுத்தவரை, இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி தடித்தும் முனை மழுங்கியும் இருப்பதால் வெட்டுக்கு மிகவும் ஏற்றது. அழைப்பிதழ்களில் வரும் மெல்லிய எழுத்துருக்கள் வேண்டாம்.

படத்தைத் தானாகக் கோடாக்கும் வசதியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மயிலின் புகைப்படம் ஒன்றை அப்படி மாற்றியதில், தோகை முழுவதும் கோட்டுத் துண்டுகள் சேரும் கணுக்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. ஒவ்வொரு கணுவிலும் கத்தி திணறித் திணறி நாற்பது நிமிடம் ஓடி, கடைசியில் தாளைக் கிழித்தது. கணுக்களைக் குறைக்கும் 'சிம்ப்ளிஃபை' கட்டளையை மூன்று முறை கொடுத்து, மீதியைக் கையால் நீக்கிய பிறகு அதே மயில் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை வாழ்த்து அட்டை செய்பவருக்கு இந்தச் செலவும் உழைப்பும் தேவையில்லை. நல்ல கத்தரிக்கோல் போதும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எழுத்தட்டைகள் செய்யும் என்னைப் போன்றவர்களுக்கும், கோவில் விழாக்களுக்கு அலங்காரம் செய்பவர்களுக்கும் பயன்படும். ஆனால் இங்க்ஸ்கேப்பை முதலில் கணினியில் நிறுவி, ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு, பிறகு எஸ்.வி.ஜி. கோப்பைக் கட்டணமின்றி ஏற்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே மேட் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் மேட்டின் பசை ஐந்தாவது மாதத்திலேயே போய்விட்டது. இப்போது அட்டையின் நான்கு ஓரத்திலும் ஒட்டுநாடா ஒட்டித்தான் வெட்டுகிறேன்.