அம்மாவின் மாத்திரையும் சாட்ஸ்வொர்த் மருந்துக்கடையும்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் நான் பத்து வருடமாகப் போகும் மருந்துக்கடை இது. மாதக் கடைசியில் போனால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். உட்கார நாலே நாற்காலி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் கடை மாற மாட்டேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அம்மாவுக்கு, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை தருகிறோம். போன மாதம் நெஞ்செரிச்சல் என்றார், ஒமெப்ரசோல் கேட்டேன். மருந்தாளுநர் பெண் (பேசுவது இங்கிலீஷ்தான், கூப்பிடுவது மட்டும் அண்ணா) அம்மாவின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்து, "இது வேண்டாம்" என்றார். குளோபிடோக்ரெல் விழுங்கியதும் வேலை செய்யாதாம். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிய பிறகுதான் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். ஒமெப்ரசோல் அந்த நொதியையே அடக்கிவிடும். அவரே டாக்டரிடம் போனில் பேசி, ஒமெப்ரசோலுக்குப் பதில் பான்டோப்ரசோல் தந்தார்.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதிது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம். நம் இந்திய வம்சாவளியில் அது அபூர்வமும் இல்லை. உள்கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லேயே இதற்கு எச்சரிக்கை போட்டிருக்கிறது. ஆனால் சோதனையை என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. "டாக்டர் கேட்டால் செய்யலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்றார், அவ்வளவுதான்.

கடை அனுப்பும் வாட்ஸ்அப் நினைவூட்டல்தான் சொதப்பல். காலை ஐந்தரைக்கு மூன்று தடவை அடிக்கிறது. ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று அம்மா பதறி எழுந்துவிட்டார்.