மைனஸ் 30 தாங்கும் என்று விற்றார்கள்: கனடா கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டுக் குளிருக்கென்றே துணி விற்கும் சென்னைக் கடை ஒன்றில் 46,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். அந்தத் துணியை நம்பி ஏழு வயது மகளைக் கொட்டும் குளிரில் பஸ்ஸுக்கு நிற்க வைத்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. குளிர்காலத்தில் கிளம்பப் போகிறவர்கள், முக்கியமாகக் குழந்தையோடு போகிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் கணவர் எட்டு மாதம் முன்பே கனடாவில் உள்ள வின்னிபெக் நகருக்குப் போய்விட்டார். நானும் மகளும் ஜனவரி 9 அன்று மதுரையிலிருந்து கிளம்பினோம். "ஜாக்கெட், பூட்ஸ் எதையும் அங்க வாங்காத, ஏர்போர்ட்டுக்கே நான் எடுத்துட்டு வர்றேன்" என்று அவர் போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கேட்கவில்லை. கொடைக்கானலைத் தாண்டிக் குளிரைப் பார்க்காதவளுக்கு, ஜனவரி இரவில் சராசரியாகவே மைனஸ் 20 என்று படித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவும் "பேத்தியை வெறும் ஸ்வெட்டரோட அனுப்ப முடியாது" என்று ஒற்றைக் காலில் நின்றார். டிசம்பர் 27 அன்று என்னையும் மகளையும் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனதும் அவர்தான், பணம் கட்டியதும் அவர்தான்.

கடை பார்க்க நன்றாகவே இருந்தது. சுவர் முழுக்கப் பனிமலைப் படங்கள். ஜாக்கெட்டில் தொங்கிய அட்டையில் "-30°C" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. "கனடா போறவங்க எல்லாரும் இதைத்தான் எடுப்பாங்க மேடம், உள்ளே வாத்து இறகு. அங்க போய் வாங்கினா மூணு மடங்கு" என்றார் விற்பனையாளர். எனக்கும் மகளுக்கும் எடுத்ததோடு நிற்காமல், மாப்பிள்ளைக்கும் ஒன்று என்று அப்பா சேர்த்து எடுத்தார். மூன்று நீள ஜாக்கெட், மூன்று ஜோடி பூட்ஸ், ஆறு செட் தெர்மல் (குளிருக்கு உள்ளே போடும் உடுப்பு), "சுத்தக் கம்பளி" மஃப்ளர், கையுறை, குல்லா. எடை போட்டால் 11 கிலோ. அந்த எடைக்காக அம்மா இடித்துக் கொடுத்த பொடிகளையும் மகளின் தமிழ்ப் புத்தகங்களையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனேன்.

பில் என்று கொடுத்தது "எஸ்டிமேட்" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் இல்லை. அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப். முறையான பில் வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு வரி தனியாக ஆகும் என்றார்கள். நல்லவேளை, பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ஜி-பேயில் அனுப்பினார். அது பிறகு உதவியது.

வின்னிபெக்கில் இறங்கிய அன்று மைனஸ் 24. ஏர்போர்ட் வாசலில் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தேன். பாதி ஏறியதும் கீழே பல் பிரிந்து வாய் திறந்துகொண்டது. கார் வரை கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஜாக்கெட்டில் ஜிப் சரியில்லை, அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன். கணவர் வாங்கி வைத்திருந்த ஜாக்கெட் எனக்குச் சரியாக இருந்தது. மகளுக்கு வாங்கியிருந்தது இரண்டு அளவு பெரிது. அதனால் அவள் சென்னை ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டாள். அதுதான் நான் செய்த தவறு.

பத்து நாள் கழித்து ஒரு காலை, அவளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையாக பஸ்ஸுக்கு நின்றோம். மைனஸ் 27, அதோடு காற்று. பஸ் 20 நிமிடம் தாமதம். முதலில் "கை வலிக்குதும்மா" என்றாள். கொஞ்ச நேரத்தில் வலிக்கவில்லை என்றாள். குறைந்துவிட்டது என்று நான் நிம்மதிப்பட்டேன். மரத்துப்போவதுதான் ஆபத்தின் அறிகுறி என்று அப்போது தெரியாது. பஸ்ஸில் ஏறிக் கையுறையைக் கழற்றினால் நான்கு விரல்களின் நுனியும் மெழுகுபோல் வெளுத்திருந்தன. நான் பரபரவென்று தேய்க்கப் போனேன். பக்கத்தில் இருந்த ஒரு முதிய பெண்மணி என் கையைப் பிடித்து நிறுத்தி, குழந்தையின் கையை என் அக்குளுக்குள் வைக்கச் சொன்னார். தேய்த்தால் உள்தசை சேதமாகும். சுடுதண்ணீரில் வைப்பதும் கூடாது, உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. உடம்புச் சூடு அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும்தான். அரை மணி நேரத்தில் நிறம் திரும்பியது, வலியில் அழுதாள். மருத்துவர் பார்த்து, உறைபனிப் புண்ணின் முதல் படியோடு தப்பித்தாள் என்றார்.

கனடாவின் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் அளவு இது: காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர், அதாவது விண்ட் சில், மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். வெறும் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன்.

அன்றிரவு மகளின் ஜாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். இறகு என்பது பேச்சுக்குக்கூட இல்லை. முன்பக்கமும் முதுகிலும் தலையணைப் பஞ்சுபோல் மெல்லிய பாலியெஸ்டர் தாள் ஒன்று, அதுவும் தோள்பட்டையில் தையலை விட்டு நழுவி இடுப்பில் சுருண்டு கிடந்தது. கை இரண்டையும் வெட்டினேன். மேல்துணி, உள்துணி, நடுவில் ஒன்றுமே இல்லை. கடையில் கையால் அமுக்கிப் பார்த்தபோது மார்புப் பக்கம் மட்டும் பார்த்தோம், அங்கே தடிப்பாகத்தான் இருந்தது. மஃப்ளரில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், எரிந்த நுனியை நசுக்கினால் பொடியாகும். இது உருகி, பிளாஸ்டிக் வாசனையோடு கறுப்பு மணியாக இறுகியது. சுத்த அக்ரிலிக். கையுறை தோல் அல்ல, ரெக்ஸின். குளிரில் அட்டைபோல் விறைத்தது.

பூட்ஸ் கதையை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாழ்ப்பாணத்தவர், இங்கே வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. வாசலில் என் பூட்ஸை எடுத்து அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தார். அது வளையவே இல்லை. "தங்கச்சி, இந்தச் சப்பாத்தோட ஐஸில நடக்காதேயுங்கோ, விழுந்து கால் முறிஞ்சிடும்" என்றார். அந்த வாரமே பாதத்துக்குக் குறுக்கே அடிப்பாகம் விரிசல் விட்டது. பிளாஸ்டிக் கலந்த மலிவு அடிப்பாகம் கடுங்குளிரில் கல்லாக இறுகிவிடும், பிடிப்பு போய்விடும். அதோடு கடையில் மெல்லிய சாக்ஸ் போட்டுக் காலுக்குக் கச்சிதமாக அளவெடுத்திருந்தார்கள். தடித்த கம்பளி சாக்ஸ் போட்டதும் கால் இறுகியது. இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். உள்ளே விரல்களை ஆட்ட இடம் இருக்க வேண்டும். மெட்டி போடுகிறவர்கள் அதையும் யோசியுங்கள். காதில் பெரிய ஜிமிக்கியோடு வெளியே நிற்கவும் வேண்டாம், உலோகம் சில்லிட்டுத் தோலைச் சுடும்.

இப்போது அந்த "-30°C" அட்டை. தூங்கும் பைகளுக்கு வெப்பநிலையை ஆய்வகத்தில் அளந்து எழுதும் சர்வதேசத் தர முறை உண்டு. நாம் தெருவில் போட்டுக்கொண்டு போகும் ஜாக்கெட்டுக்கு அப்படி எல்லாரும் பின்பற்றியாக வேண்டிய ஒரே அளவு கிடையாது. நல்ல கம்பெனிகள் எழுதுவதே அவரவர் மதிப்பீடுதான். பெயர் தெரியாத கடை அச்சடித்துத் தொங்கவிடும் அட்டைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அட்டையை விட்டுவிட்டு ஜாக்கெட்டைப் பாருங்கள். கைகளிலும் தோளிலும் அமுக்கினால் மார்பில் இருக்கும் அதே தடிப்பு இருக்கிறதா, மணிக்கட்டில் உள்ளே இன்னொரு பின்னல் பட்டை இருக்கிறதா, ஜிப்பை மூட மேலே ஒரு மடிப்புத் துணி வருகிறதா, இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா. இறகு என்று சொன்னால் உள்லேபிளில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். இறகும் நனைந்தால் சூட்டை இழந்துவிடும். மழையும் ஈரப்பனியும் உள்ள ஊர்களுக்கு நல்ல செயற்கைப் பஞ்சே மேல்.

தெர்மல் விஷயத்திலும் ஏமாந்தோம். அவை பருத்தி. திருப்பூர் பருத்திப் பின்னலுக்கு ஈடு இல்லை, வீட்டுக்குள் நான் அதைத்தான் போடுகிறேன். ஆனால் வெளியே நடக்கும்போது பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்போடு ஒட்டும் துணி மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். இந்தியாவிலேயே கம்பளி வாங்குவதானால் வுல்மார்க் முத்திரை உள்ளதை வாங்குங்கள், இல்லையென்றால் நூல் உருவிப் பாருங்கள்.

அப்படியானால் ஊரிலிருந்து என்னதான் எடுத்து வருவது? உள்ளாடை, பனியன், நைட்டி, டி-ஷர்ட் தாராளமாக. வீடு, பள்ளி, அலுவலகம் எல்லாம் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், உள்ளே ஸ்வெட்டர்கூடப் பல நேரம் தேவைப்படாது. பண்டிகைக்கு நாலு புடவை, வேட்டி. இரண்டாவது கண்ணாடி, அது இங்கே விலை அதிகம். விமானத்துக்கும் ஏர்போர்ட்டிலிருந்து கார் வரைக்கும் ஒரு சாதாரண ஜாக்கெட், ஒரு குல்லா, மூடிய ஷூ. அவ்வளவு போதும். வரவேற்க யாரும் இல்லாதவர்கள் மட்டும், பெயர் பெற்ற கம்பெனியின் ஒரு ஜாக்கெட்டை ஒழுங்கான பில்லோடு ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

மற்றதை இறங்கிய மறுநாள் இங்கே வாங்கலாம். மூன்று மடங்கு விலை என்பது பொய். அக்கா என்னை வேல்யூ வில்லேஜ் என்ற பழைய பொருள் கடைக்கு அழைத்துப்போனார். மகளுக்கு ஜாக்கெட்டும் பனிக் கால்சட்டையும் சேர்த்து 28 டாலர். உள்ளே ஒரு தையல்கூடப் பிரியவில்லை. குழந்தைகள் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடுவதால் அங்கே வருவதில் பாதி புதுசுபோலவே இருக்கும். பனிக் கால்சட்டை ஊர்க்கடையில் எங்கள் பட்டியலிலேயே இல்லை. இங்கே மகளின் பள்ளி முதலில் கேட்டதே அதைத்தான், குளிர்காலத்திலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிறார்கள். கைக்கு ஐந்து விரல் உறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் வாங்குங்கள். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். பிப்ரவரி கடைசியில் கடைகள் குளிர்காலத் துணியை விலை குறைத்துத் தள்ளும், அடுத்த வருடத்துக்கு அப்போது எடுக்கலாம்.

கடைக்காரர் என்ன சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜனவரி 22 அன்று, வாங்கி 26-ஆம் நாள், சென்னையில் இருக்கும் சித்தப்பா என் படங்களோடு நேரில் போனார். "போட்டுப் பார்த்த துணி, வெட்டியும் வச்சிருக்காங்க, எப்படி சார் எடுக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு ரப்பர் ஸ்டாம்ப்பைக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஸ்டாம்ப்புக்கு மயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. சித்தப்பா அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். நாள் கணக்கு முக்கியம், ஊர் போய்ச் சேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெட்டுவதற்கு முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுக்காமல் விட்டது என் பிழை, நீங்கள் முதலில் படம் எடுங்கள்.

அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அப்பா பதிவு செய்தார். அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. மூன்று வாரம் கழித்துக் கடை 9,000 ரூபாய் மட்டும், பூட்ஸுக்கு என்று, தர முன்வந்தது. எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா மறுத்துவிட்டார். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்போது மனு போடுகிறார். கடை சென்னையில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. துண்டுச் சீட்டில் கடை முத்திரை தெளிவில்லாததால், ஜி-பே ரசீதுதான் எங்களுக்குப் பிடிமானம்.

வெட்டிய ஜாக்கெட்டையும் விரிசல் விட்ட பூட்ஸையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ஆணையத்தில் காட்ட அந்தக் கை இரண்டும் கட்டாயம் வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.