டிஏஏ: சலுகை தாராளம், வாசல்தான் குறுகல்

வெளிநாட்டு இறக்குமதியாலோ, உற்பத்தி வெளிநாட்டுக்கு மாறியதாலோ வேலை இழந்த தொழிலாளிக்கு அமெரிக்க அரசு பயிற்சியும் வருமான உதவியும் தரும் திட்டம்தான் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமாக டிஏஏ. 1962-ல் தொடங்கியது, 1974-ன் வர்த்தகச் சட்டத்தில் விரிவாக்கப்பட்டது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சட்டத்தின் காலம் முடிந்ததால், 2022 ஜூலை 1 முதல் அமெரிக்கத் தொழிலாளர் துறை புதிய மனுக்களை விசாரிப்பதை நிறுத்திவிட்டது. வர்த்தகத்தால் வேலை இழந்தவர்கள் என்று ஏற்கெனவே அந்தத் துறை சான்றளித்த தொழிலாளர் குழுவில் இருந்து, 2022 ஜூன் 30-க்குள் வேலை போனவர்களுக்கு மட்டும் உதவி தொடர்கிறது. சான்றிதழில் காலாவதி 2023 என்று போட்டிருந்தாலும் இந்தத் தேதிதான் செல்லும்.

தகுதிக்கு இரண்டு கட்டம். முதல் கட்டம் குழுவுக்கானது. தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்தோ, தொழிற்சங்கமோ, நிறுவனமோ, மாநில அலுவலகமோ மனு போட முடிந்தது. மனு தேதிக்கு ஓராண்டுக்கு முன்பே வேலை போனவர்கள் அதில் வரமாட்டார்கள். நிறுவனத்தின் விற்பனை அல்லது உற்பத்தி குறைந்ததா, அதற்கு இறக்குமதி முக்கியக் காரணமா என்று விசாரித்தார்கள். வாங்கும் வாடிக்கையாளர் நிறுவனங்களிடமும் கேள்வித்தாள் போனது. "வியாபாரம் படுத்துவிட்டது" என்று மட்டும் எழுதிய மனு நிற்கவில்லை. எந்தப் பொருள், எந்த நாட்டிலிருந்து வரத் தொடங்கியது, எந்த லைன் எப்போது நின்றது என்று எழுத வேண்டியிருந்தது. இயந்திரமயமாக்கலோ உள்நாட்டுப் போட்டியோ மட்டும் காரணமென்றால் தள்ளுபடிதான்.

2021 ஜூலையில் விதிகள் பின்னோக்கிப் போனதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை. சேவைத் துறை வெளியேறியது. உற்பத்தி மாற்றத்திலும் நாடு பார்த்தார்கள்: தையல் லைன் மெக்சிகோவுக்குப் போனால், தடையற்ற வர்த்தக ஒப்பந்த நாடு என்பதால் போதும்; அதே லைன் சீனாவுக்குப் போனால் இறக்குமதி கூடியது, அல்லது கூடும் என்பதும் நிரூபணமாக வேண்டும். வேலை போன தையல்காரருக்கு இரண்டும் ஒன்றுதானே? இந்தப் பாகுபாட்டுக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. மனு எண் 98,000 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த விதிகள். 97,999 வரை 2015-ன் விதிகள் (90,000-லிருந்து).

இரண்டாம் கட்டம் தனிநபருக்கானது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வேலை போவதற்கு முந்தைய 52 வாரங்களில் 26 வாரமாவது, வாரம் 30 டாலராவது சம்பளத்தில் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். பிறகு பயிற்சியில் சேரும் கெடு: 2015 விதிகளில், சான்றளிப்பு, வேலை போன நாள் இரண்டில் பிந்தியதிலிருந்து 26 வாரம். 2021 விதிகளில், சான்றளிப்பிலிருந்து 8 வாரம் அல்லது வேலை போனதிலிருந்து 16 வாரம், இதில் எது பிந்தியதோ அது. சேர முடியாதவர்கள் கெடுவுக்குள் விலக்கை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். கவுன்சலர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருந்துவிட்டால் வருமான உதவி போய்விடும்.

அந்த வருமான உதவியான டிஆர்ஏ, வேலையில்லாப்படி தீர்ந்த பிறகுதான் தொடங்கும். படி வாங்கிய வாரங்களையும் சேர்த்து அதிகபட்சம் 130 வாரம். 50 வயதை எட்டி, ஆண்டுக்கு 50,000 டாலருக்குள் சம்பளம் உள்ள புது வேலையில் சேர்ந்தவருக்கு, பழைய, புதிய சம்பள வித்தியாசத்தில் பாதி, இரண்டாண்டில் 10,000 டாலர் வரை. நீண்ட பயிற்சிக்குப் போக முடியாத மூத்த தொழிலாளிக்கு இதுவே பெரிய ஆறுதல். மருத்துவக் காப்பீட்டுக்கான 72.5 சதவீத வரிச்சலுகை 2021 டிசம்பர் 31-ல் முடிந்துபோனது.

ஏஜென்சி மூலம் அதே ஆலையில் வேலை செய்தவர்கள் கவனிக்க: ஆலையின் மேற்பார்வையில்தான் வேலை செய்தார்கள் என்றால் சான்றிதழ் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஏஜென்சியின் பெயர் விடுபட்டிருக்கலாம். தொழிலாளர் துறை இணையதளத்தில் நிறுவனப் பெயரைப் போட்டுத் தேடி, சான்றிதழை முழுக்கப் படித்து, விடுபட்டிருந்தால் மாநில அலுவலகத்திடம் கேட்க வேண்டும்.

எந்தச் சான்றிதழிலும் வராதவர்கள் அருகிலுள்ள அமெரிக்கன் ஜாப் சென்டர் என்ற வேலை உதவி மையத்தில், டபிள்யுஐஓஏ என்ற வேலைப் பயிற்சிச் சட்டத்தின் கீழ் ‘டிஸ்லொகேட்டட் வொர்க்கர்’ (வேலை இழந்த தொழிலாளி) உதவி கேட்கலாம். வேலை போனதற்கு இறக்குமதிதான் காரணம் என்று அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. பயிற்சிச் செலவுக்கு வழி உண்டு. டிஆர்ஏ போல நீண்டகால வருமானத்தை மட்டும் அதில் எதிர்பார்க்க முடியாது.