குட்டி நாய்க்குத் தெள்ளுப்பூச்சி: ஏற்காட்டு வீட்டில் எது வேலை செய்தது

எங்கள் நாட்டு நாய் மிளகுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டு விறகுக் கொட்டகையில் பிறந்தவள். எங்களிடம் வந்தபோது பால் மறக்காத வயது, எடை ஒரு கிலோகூட இல்லை. வயிற்றடியில் முடியை விலக்கினால் தெள்ளுப்பூச்சி ஓடும். அன்றிலிருந்து சீப்பு, சோப்பு, ஸ்பிரே, மாத்திரை, பவுடர், கழுத்துப்பட்டை என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று.

இவற்றில் விலை குறைந்ததுதான் முதலிடம்: பேன் சீப்பு. பிள்ளைகள் தலைக்கு வாங்குவோமே, அதே நெருக்கமான ஸ்டீல் பல் சீப்பு. நாட்டு நாயின் குட்டை முடிக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கழுத்து, காதின் பின்புறம், வாலடி, தொடையிடுக்கு என்று மெதுவாக வாரி, வந்ததை அதில் அமுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் போட்டால் மிதந்து, தப்பித்துக் குதிக்கும். சோப்பு இருந்தால் மூழ்கிவிடும். எத்தனை சின்னக் குட்டிக்கும் இதைச் செய்யலாம், மருந்து பயம் கிடையாது.

வந்திருப்பது தெள்ளா உண்ணியா என்பதையும் சீப்பே காட்டிவிடும். உண்ணி கடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், தெள்ளு ஓடும், குதிக்கும். பூச்சி சிக்காமல் கருப்புத் தூள் மட்டும் வந்தால், நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். சின்னக் குட்டிக்கு அரிப்பைவிட இந்த ரத்த இழப்புதான் பெரிய பயம். ஈறு வெளுத்து, குட்டி சோர்ந்து படுத்தால் சீப்பு, சோப்பு எல்லாம் அப்புறம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

குளிப்பாட்டுவதில் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் ரொம்ப உதவியது. முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் உடம்பு நனைந்ததும் தெள்ளு எல்லாம் கண், காது பக்கம் ஏறிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத ஷாம்பு, உடனே துண்டால் துவட்டல். மலைக் குளிரில் ஈரத்தோடு நின்றால் குட்டி உடம்பு சட்டென்று சில்லிட்டுவிடும், அதனால் எங்கள் வீட்டில் குளியல் உச்சி வேளையில் மட்டும்தான்.

மருந்து என்று பார்த்தால், டாக்டர் அந்த வயதுக்குத் தேர்ந்தெடுத்தது ஃபிப்ரோனில் ஸ்பிரே (ஃபிரண்ட்லைன்). பிறந்து 2 நாளான குட்டிக்கே தரலாம் என்று லேபிளில் இருக்கிறது. அளவு, கிலோவுக்கு 3 முதல் 6 மில்லி. 100 மில்லி பாட்டிலில் ஓர் அமுக்குக்கு அரை மில்லிதான் வரும் என்பதால் எடை தெரியாமல் அடிக்கக் கூடாது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, முடிக்கு எதிர்த்திசையில் அடிக்க வேண்டும். முகத்துக்கு நேராக அடிக்காமல் கையுறையில் தொட்டுத் தடவ வேண்டும், கண்ணில் படாமல். ஆல்கஹால் கலந்தது, அதனால் அடுப்புப் பக்கம் வேண்டாம். காயும்போது குளிரும் எடுக்கும். காயும்வரை தாய் நாய் நக்கவும் கூடாது. முன்னும் பின்னும் 2 நாள் குளியல் கிடையாது. நெடி எனக்குப் பிடிக்கவில்லை, மிளகுக்கும்தான். ஆனால் வேலை செய்தது.

பிறகு வளர்ந்து 2 கிலோ தாண்டியதும் மாதமொரு முறை மெல்லும் மாத்திரைக்கு (நெக்ஸ்கார்ட்) மாறினோம். 8 வாரம், 2 கிலோ இரண்டும் ஆகியிருக்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெள்ளு கடித்த பிறகுதான் சாகும் என்பது ஒரு குறை. மற்றபடி மழைக்காலத்தில் இதுபோல வசதி வேறில்லை, குளிப்பாட்டினாலும் கவலை இல்லை.

பவுடர் நக்கினால் வயிற்றுக்குள் போகும் என்று ஓரம் கட்டிவிட்டேன். வாசனைக் கழுத்துப்பட்டையின் வேலை கழுத்தோடு சரி, வாலடியில் தெள்ளு சுகமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "புகையிலையை ஊற வெச்சுக் குளிப்பாட்டுங்க, ஒண்ணு நிக்காது" என்றார். தெள்ளு நிற்காது, குட்டியும் நிற்காது. நிகோடின் நாய்க்கு விஷம். கற்பூரம், மண்ணெண்ணெய், அந்துருண்டை, ஃபினாயில் எல்லாம் இதே கணக்குதான். மாட்டுக்கு உண்ணி மருந்து வாங்கி வைத்திருப்பவர்கள் அதையே கொஞ்சம் கலந்து தடவச் சொல்வார்கள். அது கால்நடை எடைக்குக் கணக்கிட்ட அடர்த்தி, ஒரு கிலோ குட்டிமேல் "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது.

ஆனால் இவ்வளவும் பாதி வேலைகூட இல்லை. நாயின்மேல் ஓடும் பூச்சி மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை முடியில் ஒட்டாமல் உதிர்ந்து, குட்டி படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் கட்டிலடியிலும் விழும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, ஈரப்பதம் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்து செத்துவிடும் புழு, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் சௌக்கியமாக வளர்கிறது. அப்புறம் கூட்டுப்புழு. கூட்டுக்குள் பல மாதம் இருக்கும், மருந்து எளிதில் ஏறாது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால் வெளியே வரும். மலையில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் குதிக்கிறதே, அது இப்படித்தான்.

அதனால் ஸ்பிரே அடித்த பிறகும் வாரக்கணக்கில் புதுத் தெள்ளு வந்தால் மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கூடு காலியாகும்வரை ஓயாமல் தரையைப் பார்ப்பதுதான் வழி. நாங்கள் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய நூல் புடவையை மடித்து விரித்தோம். வாரந்தோறும் கொதிநீரில் ஊறப்போட்டு அலசினோம். வெயில் இல்லாத வாரங்களில் மலையடிவாரத்துக் கண்ணங்குறிச்சியில் தங்கை வீட்டு மொட்டைமாடிக்கு மூட்டை கட்டி அனுப்பியதும் உண்டு, அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். தரை வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். பெருக்கிய குப்பையை மூலையில் வைக்காமல் உடனே கட்டி வெளியேற்றினோம். என் கணிப்பில் ஸ்பிரேவைவிட இந்தச் சிமென்ட் பூச்சுதான் அதிகம் சாதித்தது.

இன்னொன்று: குட்டி தெள்ளைக் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும். மலத்திலோ ஆசனவாயிலோ அரிசிமணிபோலத் தெரிந்தால் அதுதான். வழக்கமான குடற்புழு மருந்து எல்லாமே இதற்குக் கேட்கும் என்றில்லை. பிராசிகுவான்டல் உள்ளதாக டாக்டர் எழுதித் தருவார்.

இப்போது மிச்சம் இருப்பது பக்கத்து வீட்டுப் பூனை. நாயிடம் அதிகம் இருப்பதே பூனைத் தெள்ளு இனம்தான், அது தாராளமாக வீடு மாறும். பூனைக்கும் மருந்து போடுங்கள் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதா என்றார். சில நாய் மருந்தில் கலந்திருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும், அதனால் பூனைக்கென்று எழுதியதை நானே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.