எச்சரிக்கை: சகுராவுக்கு (செர்ரிப் பூ பார்க்க) ஜப்பானில் ஹிரோசாகி போகிறவர்களே, ஹோட்டல் ஆப்பில் வரும் "கார்டு சரிபார்ப்பு" மெசேஜைத் தொடாதீர்கள்

1,84,000 யென் போயிற்று. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். நேற்று ராத்திரிதான் டோக்கியோ திரும்பினோம், இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம். சென்னையிலிருந்து காலேஜ் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். டோக்கியோவில் ஏப்ரல் முதல் வாரத்தோடு சகுரா முடிந்துவிடும், வடக்கே தொஹோகுவில்தான் மாதக் கடைசி வரை பூ இருக்கும் என்பதால் ககுனோதாதே, ஹிரோசாகி, அப்படியே கடலுக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக ஹகோதாதே என்று பிளான். வடக்கே போகும் ஹயபுசா புல்லட் ரயிலில் எல்லாமே ரிசர்வ் சீட்தான், ஒரு மாதம் முன்னால் காலை 10 மணிக்குத் திறக்கும், அதைக்கூடக் காத்திருந்து போட்டுவிட்டோம். ஹிரோசாகியில் ரூம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஊர் சின்னது, கோட்டைப் பூங்காவில் 2,600 சகுரா மரம், திருவிழா சமயத்தில் ஜப்பான் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். அதனால் குளிர்காலத்திலேயே ஒரு பெரிய புக்கிங் ஆப்பில் மூன்று ரூம், இரண்டு ராத்திரி போட்டு வைத்தேன். பணம் ஹோட்டலில் போய்க் கொடுத்தால் போதும் என்று இருந்தது. ஆப் பெயரைப் போடவில்லை. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஆப், உங்கள் போனிலும் இருக்கும்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மெசேஜ் வந்தது. நன்றாகக் கவனியுங்கள், வாட்ஸ்அப்பில் இல்லை, ஸ்பேம் மெயிலில் இல்லை. ஆப்புக்குள்ளேயே, அந்த ஹோட்டலோடு நான் முன்பு "செக்-இன் எத்தனை மணிக்கு" என்று பேசிய அதே இழையில், அதே ஹோட்டல் பெயரில், அவர்கள் பதிலுக்குக் கீழேயே வந்தது. என் பெயர் சரி, தேதி சரி, மூன்று ரூம் சரி, தொகை யென் பிசகாமல் சரி. "கார்டைச் சரிபார்க்க வேண்டும், பணம் பிடிக்க மாட்டோம், 24 மணி நேரத்தில் செய்யாவிட்டால் புக்கிங் தானாக ரத்தாகும்." லிங்கைத் திறந்தால் ஆப்பின் அதே நிறம், அதே ஹோட்டல் போட்டோ, ஓரத்தில் சாட் பெட்டி வேறு. சந்தேகம் கேட்டேன், உடனே பதில் வந்தது! நிஜக் கஸ்டமர் கேர்கூட இன்றுவரை அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லவில்லை. "டேய், ரூம் போச்சுன்னா ரோட்லதான் படுக்கணும், சீக்கிரம் போடுடா" என்று பக்கத்தில் ஒருத்தன். ஓடிபி போட்டேன். 1,84,000 யென் ஏதோ சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுக் கடைப் பெயரில் போயிற்று. ஹோட்டலுக்குத்தான் போயிருக்கிறது, முன்பணமாகப் பிடித்துக்கொண்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு பயணம் கிளம்பிவிட்டோம்.

ககுனோதாதே பிரமாதம், அதைப் பற்றி எழுத இப்போது மனசில்லை.

ஹிரோசாகி ஹோட்டல் கவுண்டரில் ரூமுக்கான பணத்தைக் கேட்டார்கள். கட்டியாயிற்று என்று போனை நீட்டினேன். அந்தத் தம்பி போனைப் பார்த்தான், முகம் மாறியது, அப்புறம் இடுப்பு வரை குனிந்து "மோஷிவாகே கோசாய்மாசென்" (மன்னிக்கவும்) என்றான். கை காட்டிய இடத்தில், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லேமினேட் போட்ட ஏ4 தாள். எங்கள் பெயரில் போலி மெசேஜ் போகிறது, லிங்கைத் தொடாதீர்கள் என்று ஜப்பானிய மொழியில். கீழே தேதி. எனக்கு மெசேஜ் வருவதற்கு முந்தைய தேதி! தெரிந்தே இருந்திருக்கிறது. கவுண்டரில் ஒட்டி வைத்தால் டோக்கியோவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு போன், ஒரு மெயில்? கேட்டால் மறுபடி குனிகிறான். குனிந்தால் பணம் வருமா?

வேறு ரூம் ஊரில் எங்கேயும் இல்லை. மறுபடி 1,84,000 கட்டினோம். ஒரே ரூமுக்கு இரண்டு தடவை.

அப்புறம் ஆரம்பித்தது பந்தாட்டம். ஆப்காரர்கள்: "பணம் எங்கள் தளத்தில் செலுத்தப்படவில்லை, ஹோட்டலைத் தொடர்புகொள்ளவும்." ஐயா, மெசேஜ் உங்கள் ஆப்புக்குள்தானே வந்தது என்றால் அதே பதிலை இன்னொருத்தர் பெயரில் அனுப்புகிறார்கள். ஹோட்டல்: "ஆப்பின் மெசேஜ், நாங்கள் அனுப்பவில்லை." கார்டுக் கம்பெனி: "ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, ஆகவே நீங்களே ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனை." கோபனில் (தெருப் போலீஸ் சாவடி) இருந்த போலீஸ்காரர் மட்டும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், கடைசியில் அவரும் கார்டுக் கம்பெனியிடம் பேசுங்கள் என்றார். இதற்கு நடுவில் ஆப்பிலிருந்து மெயில்: "உங்கள் ஹிரோசாகி அனுபவம் எப்படி இருந்தது? மதிப்பெண் கொடுங்கள்." வயிறு எரிகிறது.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது, இது புதிய வித்தையே இல்லை. தங்க வருகிற வாடிக்கையாளர் மாதிரி ஹோட்டலுக்கு மெயில் போடுவார்கள், அலர்ஜி விவரம், வழி மேப் என்று ஏதாவது ஒரு லிங்க். ரிசப்ஷனில் அதைத் திறந்தால் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி, ஆப்பின் ஹோட்டல் பக்க லாகின் திருட்டுப் போய்விடும். அங்கிருந்து புக் பண்ணிய எல்லோருக்கும் "ஹோட்டலே" எழுதுகிற மாதிரி எழுதுவார்கள். 2023லேயே ஜப்பானில் பல ஹோட்டல்களுக்கு நடந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த மெசேஜ் பெட்டியில் வெளி லிங்கைத் தடுப்பது யார் வேலை? கமிஷன் மட்டும் கணக்காக எடுக்கத் தெரிகிறதல்லவா.

அடுத்த நாள் அகழியில் பூவிதழ் கொட்டித் தண்ணீரே தெரியாமல் ரோஸ் கம்பளம் மாதிரி கிடந்தது, ஹனாஇகாதா என்பார்கள், அதற்காகத்தான் அத்தனை தூரம் போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்து கார்டுக் கம்பெனி லைனில் காத்திருப்பு இசை கேட்டுக்கொண்டிருந்தேன். ஹகோதாதேவை ரத்து பண்ணிவிட்டோம், பட்ஜெட் இல்லை. அங்கே கோர்யோகாகு கோட்டையைக் கோபுரத்து மேலிருந்து பார்க்கணும் என்று வந்தவன் பாவம், ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை, கார்டுக் கம்பெனிக்குப் பேப்பர் அனுப்பணும். சுருக்கமாக: ஆப்புக்குள் வந்தாலும் லிங்கில் கார்டு நம்பர் போடாதீர்கள். "24 மணி நேரம்" என்று மிரட்டினால் ஹோட்டலின் சொந்த நம்பரைத் தேடிப் போன் பண்ணுங்கள், மெசேஜில் இருக்கும் நம்பருக்கு இல்லை. ஓடிபி மெசேஜில் தொகையும் கடைப் பெயரும் இருந்தால் படியுங்கள். பணம் போய்விட்டால் முதலில் கார்டை முடக்குங்கள். ஜப்பானில் இருந்தால் நுகர்வோர் உதவிக்கு 188, போலீஸ் ஆலோசனைக்கு #9110. இந்திய கார்டு என்றால் உடனே 1930 (இந்திய சைபர் மோசடி உதவி எண்). கோல்டன் வீக்குக்கு (ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறை) வடக்கே ரூம் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த மெசேஜ் பெட்டியைத் திறந்து பாருங்கள்.