முதல் இன்டர்வியூ: சேலையா, சுடிதாரா, பேண்ட் சட்டையா?

படிப்பை முடித்த பெண் முதல் நேர்காணலுக்குக் கிளம்பினால் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சேலை கட்டிக்கோ, மரியாதையா இருக்கும்." மரியாதைதான், ஆனால் கட்டிப் பழகியவர்களுக்கு. கல்லூரி விழாவுக்கு மட்டும் அம்மா கட்டிவிட்டு அனுப்பிய பெண், அரை மணி நேரம் நாற்காலியில் இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டே பதில் சொல்வது பெரும் பாவம்.

ஆசிரியர் வேலைக்கு மட்டும் நான் சேலையைத்தான் சொல்வேன். பல பள்ளிகளில் சேர்ந்த பிறகும் அதைத்தான் கட்டப்போகிறோம். அதிலும் துணியைப் பார்க்க வேண்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை காலையில் அம்சமாக நிற்கும்; தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குவதற்குள் கொசுவம் நசுங்கி, மடியில் சுருக்கம் விழுந்துவிடும். பாலியஸ்டர் கலந்த பருத்தி என்றால் கொஞ்சம் தாங்கும். முந்தானையை மடித்துத் தோளில் பின் குத்திவிடுங்கள். ஒற்றையாக விட்டால் ஃபைலைப் பிடிக்க வேண்டிய கை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஐடி, வங்கி, மருத்துவமனை நிர்வாகம் போன்ற வேலைகளுக்கு என் ஓட்டு சுடிதாருக்கே. தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு 2019-ல் சொன்ன ஆடை விதியிலேயே சேலையோடு, துப்பட்டா போட்ட சுடிதாரும் இருக்கிறது. அப்புறம் தனியார் கம்பெனியில் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்படுவானேன்? முழங்காலுக்குக் கீழே இறங்கும், வேலைப்பாடு இல்லாத குர்தா, லெகிங்ஸுக்குப் பதில் தளர்வான பேண்ட், இரு தோளிலும் பின் குத்திய துப்பட்டா. பஸ்ஸில் போனாலும் ஸ்கூட்டியில் போனாலும் கலையாது.

பேண்ட் சட்டை பெருநிறுவன விற்பனை, கன்சல்டிங் வேலைகளுக்கு நன்றாகப் பொருந்தும். கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து பாருங்கள். மார்பருகே இரண்டு பொத்தான்களுக்கு நடுவே துணி விலகினால் ஒரு சைஸ் பெரியதாக வாங்கி, இடுப்பில் பிடித்துத் தரச் சொல்லித் தையல்காரரிடம் கொடுங்கள். அந்த விலகலைப் பின் வைத்துச் சமாளிக்க முடியாது.

எதற்குமே கையில் காசில்லையா? அக்காவின் சுடிதார் அளவாக இருந்தால் தாராளமாகப் போடலாம். இஸ்திரியை மட்டும் முந்தின நாள் ராத்திரியே போட்டு ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். காலையில் கரண்ட் போனாலும் கவலையில்லை.