நுரை வரும் திரவத்தை விற்றவரே ரிப்பேருக்கும் வந்தார்: கோவைக்காரர்கள் கவனிக்கவும்

வடவள்ளி, வீரகேரளம், மருதமலை ரோடு பக்கம் வீடு இருப்பவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். வயதான அப்பா அம்மாவை அங்கே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். வாஷிங் மெஷின் சர்வீஸ் என்று சொல்லி வந்த ஒருவர் என் அம்மாவிடம் ஐயாயிரத்துக்கும் மேலே வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெஷினில் ஒரு பழுதும் இல்லை. அவர் விற்ற சோப்புத் திரவம்தான் நுரை தள்ளியது. அந்த நுரையைக் காட்டியே மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று பணம் வாங்கியிருக்கிறார்.

அம்மா வீட்டில் இருப்பது ஃப்ரன்ட் லோடு மெஷின், அதாவது முன்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாகத் துணி போடுவது. தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்று அப்பா ஃபோனில் தேடி, முதலில் வந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவர்கள் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் பேசினார்களாம். வந்தவர் மெஷினுக்குப் பின்னால் குழாய் மாட்டுகிற இடத்தில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றி, அடைத்திருந்த மண்ணைக் கழுவி மாட்டினார். 400 ரூபாய். அந்த வேலையில் நான் குறை சொல்லவில்லை, தண்ணீர் நன்றாகவே ஏறியது. கிளம்பும்போது வண்டியிலிருந்து 5 லிட்டர் நீலக் கேன் ஒன்றை இறக்கினார்.

"கடைல விக்கற பவுடரெல்லாம் மெஷினைக் கெடுத்துருமுங்கம்மா. இது மெஷினுக்குன்னே வர்ற சரக்குங்க. ஒரு மூடி ஊத்துனாப் போதுமுங்க."

750 ரூபாய். கேனில் லேபிள் என்று எதுவும் ஒட்டியிருக்கவில்லை. தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், விலை ஒன்றுமே இல்லை. பொட்டலம் கட்டி விற்கும் எந்தப் பொருளிலும் இவை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் கம்பெனி ஆள் கையால் கொடுக்கும்போது யார் லேபிளைத் தேடப் போகிறார்கள்?

அம்மா அவர் சொன்னபடி ஒரு மூடிதான் ஊற்றினார். கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளையாகிவிட்டது. சோப்பு போடும் தட்டு வழியாக நுரை பொங்கித் தரையில் வழிந்தது. மெஷின் சுற்றுவதும் நிற்பதுமாக வெகுநேரம் இழுத்து, கடைசியில் தண்ணீர் வெளியேறவில்லை என்கிற பிழைக் குறியைக் காட்டி நின்றுவிட்டது. துணியெல்லாம் சொட்டச் சொட்ட உள்ளேயே கிடந்தது.

அதே நம்பர், அதே ஆள். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்கம்மா" என்றிருக்கிறார். 4,800 ரூபாய். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பணத்தைத் தன் சொந்த ஃபோன் நம்பருக்குப் போடச் சொன்னார். பழைய போர்டைக் கேட்டதற்குக் கம்பெனியில் திருப்பிக் கட்ட வேண்டும் என்றாராம். அப்புறம் டெஸ்ட் என்று சோப்பில்லாமல் மெஷினைத் திரும்பத் திரும்ப அலச விட்டார். மெஷின் அருமையாக ஓடியது. ஓடாமல் எப்படி இருக்கும்? உள்ளே தங்கியிருந்த சோப்பெல்லாம் அந்த வெறும் அலசலில் வெளியே போய்விட்டதே! அடுத்த முறை கேனிலிருந்து ஊற்றியதும் பழையபடி நுரை, பழையபடி அதே குறி. இப்போது பம்பும் போயிருக்கும், இன்னும் 3,200 ஆகும் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னார். "ஏங்கண்ணு, மெஷினையே மாத்திரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மெஷின் அது.

காந்திபுரத்தில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை நண்பர் மூலமாக அழைத்துப் போனேன். மூடியைத் திறந்தவர் முதலில் என்னைத்தான் கிட்டே கூப்பிட்டார். "போர்டை யாருமே தொடலைங்க தம்பி, பாருங்க." போர்டு உறையின் திருகாணி மேலிருந்த தூசிகூடக் கலையவில்லை. போர்டில் ஒட்டியிருந்த சீட்டில் மெஷின் வாங்கிய காலத்துத் தேதி அப்படியே இருந்தது. 4,800 ரூபாய்க்கு மூடியைக் கழற்றி மாட்டியதுதான் வேலை.

பிறகு அவர் ஒரு சோதனை செய்து காட்டினார், நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு தண்ணீர் பாட்டிலில் பாதி பாதி தண்ணீர் பிடித்து, ஒன்றில் அந்தக் கேன் திரவம், இன்னொன்றில் கடையில் வாங்கிய ஃப்ரன்ட் லோடு மேட்டிக் திரவம், ஒரே அளவு ஊற்றிக் குலுக்கினார். கேன் திரவம் பாட்டில் கழுத்து வரை நுரைத்து அப்படியே நின்றது. மேட்டிக் திரவத்தில் எழுந்த நுரை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மெஷினுக்கென்று செய்யும் சோப்பில் நுரையை அடக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். கையில் துவைக்கிற பவுடரிலும், பாத்திரம் கழுவும் திரவத்திலும் அது இருக்காது. நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகிறது என்று நம்மில் பலருக்கு எண்ணம், லேபிள் இல்லாத சரக்கு விற்பவர்களுக்கு அதுதான் வசதி.

நுரைக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தப் பம்பு தண்ணீரைத் தள்ளத்தான் இருக்கிறது. நுரை என்பது பெரும்பாலும் காற்று. நுரைக்குள் அதன் இறக்கை வெறுமனே சுற்றும், எதுவும் வெளியே போகாது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறியும் மெல்லிய குழாயிலும் நுரை ஏறினால் மெஷின் தப்பான அளவைப் படிக்கும். நுரை அடங்கட்டும் என்று அதுவே நின்று காத்திருக்கும், கூடுதலாக அலசும், வேகமாகச் சுற்ற மறுக்கும். பார்ப்பவருக்குப் பம்பும் போர்டும் போனதுபோலவே தெரியும். துணிகூடச் சரியாக வெளுக்காது. துணி மேலே போய்க் கீழே விழுந்து மோதினால்தான் ஃப்ரன்ட் லோடில் அழுக்குப் போகும், நுரை மெத்தையில் விழுந்தால் மோதல் ஏது?

நம் ஊரில் இதில் இன்னொரு விஷயம் உண்டு. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் சோப்புக்கே நன்றாக நுரைக்கும். பல்லடம், திருப்பூர்ப் பக்கம் போர் தண்ணீரில் அள்ளி அள்ளிப் போட்டாலும் நுரைக்காது. ஒரே வீட்டிலேயே உப்புத் தண்ணி லைன், நல்ல தண்ணி லைன் என்று இரண்டு ஓடும்போது மெஷின் எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். போர் வற்றி நல்ல தண்ணிக்கு மாற்றினால் சோப்பையும் குறைக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். துவைக்கும்போது கண்ணாடியில் பாதிக்கு மேல் நுரை ஏறினால் அது அதிகம்.

நுரை பொங்கிவிட்டால் யாரையும் உடனே கூப்பிட வேண்டியதில்லை. தரை ஈரமாக இருந்தால் மெஷினைத் தொடுவதற்கு முன் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கதவை இழுத்துத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் நுரை பாதிக்கு மேல் தானாக அமரும். பிறகு சோப்பே போடாமல் அலசல், பிழிதல் மட்டும் ஓட்டுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு முறையும். தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்றால் மெஷினின் முன்பக்கம் அடியில் சின்னக் கதவு ஒன்று இருக்கும். உள்ளே தண்ணீரை வடிக்கும் குட்டிக் குழாய் இருந்தால், அகலமான தட்டு வைத்து முதலில் அதைத் திறந்து வடித்துவிட்டு, அப்புறம் ஃபில்டரைத் திருகுங்கள். சுடுதண்ணீரில் ஓட்டியிருந்தால் ஆறும்வரை பொறுங்கள். அம்மா வீட்டு ஃபில்டரில் ஒரு ரூபாய்க் காசும் ஜாக்கெட் கொக்கியும் இருந்தன. எல்லா வீட்டிலும் இருக்கும்.

துணிக்குப் போடும் கம்ஃபர்ட் மாதிரியான திரவம் ஒரு மூடி அலசலில் சேர்த்தால் நுரை சீக்கிரம் உடையும். கொஞ்சம் வினிகரும் உடைக்கும், ஆனால் அடிக்கடி ஊற்றினால் கதவு ரப்பருக்கு ஆகாது. ப்ளீச்சிங் சேர்ந்த எதனோடும் வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். கடைசியாகத் துணி இல்லாமல் 60 டிகிரி சுடுதண்ணீரில் ஒருமுறை ஓட்டி, சோப்புத் தட்டை வெளியே இழுத்துக் கழுவிவிடுங்கள். டர்க்கி டவல் சோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷின் சுத்தமான பிறகும் நுரை வந்தால் டவலை மட்டும் சோப்பில்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

காந்திபுரத்து மெக்கானிக் செய்ததும் இவ்வளவுதான். 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். மேட்டிக் திரவத்தைக் குறைத்து ஊற்றி இப்போது அம்மா அதே மெஷினில்தான் துவைக்கிறார்.

சர்வீஸ் நம்பரைத் தேடலில் முதலில் வருவதை நம்பி எடுக்காதீர்கள். மெஷினோடு வந்த புத்தகத்திலோ, மெஷினில் ஒட்டிய சீட்டிலோ இருக்கும் நம்பர்தான் கம்பெனி நம்பர். பாகம் மாற்றினால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஃபோட்டோ எடுங்கள், பழைய பாகத்தை வாங்கி வையுங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த ஆளின் நம்பர் இப்போது எடுக்கப்படுவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, பணம் போட்ட விவரம், தொடப்படாத போர்டின் ஃபோட்டோ, கேன் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதில் ஆகவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலும் வாதாடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதேபோல் லேபிள் இல்லாத நீலக் கேன் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தால் மெஷினில் ஊற்றாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். சீட்டோடு எடுத்து வைத்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.